கட்டடம் அங்கே, குழி இங்கே

கோவை அடுக்குமாடி விளம்பரங்களில் 'பசுமைக் கட்டடம்' என்ற சொல் இப்போது அடிக்கடி வருகிறது. மாடியில் சோலார் தகடு, வாசலில் நான்கு செடி. சுவருக்குள் போன ஜல்லியும் எம்-சாண்டும் எந்த ஊருடையவை என்று விளம்பரம் சொல்வதில்லை.

அந்த ஊர்களில் ஒன்று கிணத்துக்கடவு. இங்குள்ள குவாரிகளில் இருந்தும் கிரஷர்களில் இருந்தும் கோவைக்கும் கேரளாவுக்கும் டிப்பர் லாரிகள் ஓடுகின்றன. வெடி அதிர்வும் தூசியும் மட்டும் உள்ளூரிலேயே தங்கிவிடுகின்றன. 2024இல் திறக்கப்பட்ட உக்கடம் மேம்பாலம் போல, நகரச் சாலைகளை மாற்றும் பணிகளுக்கும் ஜல்லிதான் வேண்டும். செங்கல்லுக்கு மாறினால் தப்பிவிடலாமா? செம்மண் கொள்ளைப் புகார்களால் தடாகம் பள்ளத்தாக்கின் சூளைகள் 2021இல் மூடப்பட்டதை மறந்துவிட முடியாது.

ஆகவே பொருளைக் குறைப்பதே முதல் வேலை. கேரளத்தில் லாரி பேக்கர் பரப்பிய 'ரேட் ட்ராப்' முறையில் செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்புவார்கள். சுமார் 25 சதவீதம் செங்கல் மிச்சம். வெயிலும் எளிதில் உள்ளே இறங்காது.

பள்ளிவாசலுக்கு இதெல்லாம் பொருந்துமா என்பவர்கள் டாக்காவைப் பார்க்கலாம். மெரினா தபஸ்ஸும் வடிவமைத்த பைத்துர் ரவூஃப் பள்ளிவாசலில் குவிமாடமும் இல்லை, மினாராவும் இல்லை. செங்கல் சுவரின் இடைவெளிகள் வழியே காற்று வருகிறது; கூரைத் துளைகள் வழியே வெளிச்சம் விழுகிறது. 2016இல் அதற்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிணத்துக்கடவுக்கு இலவசமாகவே வருகிறது. அதைக் கண்ணாடியால் அடைத்துவிட்டு ஏசிக்குச் சந்தா வசூலிப்பது என்ன கணக்கோ! விரிவாக்கத் திட்டம் போடும் ஜமாஅத் நிர்வாகிகள், வரைபடத்தில் கையெழுத்திடும் முன் ஜன்னல்கள் எந்தத் திசையில் இருக்கின்றன, எத்தனை லோடு ஜல்லி தேவை என்று பொறியாளரிடம் கேட்கட்டும்.