டர்போ போச்சா, ரப்பர் குழாய் போச்சா?

பழைய டீசல் கார் வைத்திருக்கும் சங்க அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். "டர்போ போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள்.

2007-இல் ஸ்விஃப்ட் டீசல் வந்த பிறகு, டர்போ என்பது நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்களின் வாசலிலும் சகஜமாயிற்று. 2020-இல் பி.எஸ்.6 விதி வந்ததும் மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. அதற்குமுன் வாங்கியவை பெங்களூரில் இன்னும் ஓடுகின்றன. 15 ஆண்டு நிறைந்து, பதிவைப் புதுப்பிக்கக் காத்திருப்பவையும் உண்டு. இந்த வயதில் முதலில் தளர்வது ரப்பர் சாமான்கள்தான்.

டர்போவுக்குள் இருக்கும் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. பல வண்டிகளில் அதை அடக்கி ஆள்வது, பென்சில் பருமன்கூட இல்லாத ஒரு வேக்குவம் குழாய்! எஞ்சின் சூட்டிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் வருடக்கணக்கில் வெந்து அது அப்பளமாக மொறுமொறுத்துவிடும். மயிரிழை வெடிப்பு போதும், டர்போவின் ஆக்சுவேட்டருக்கு இழுப்பு போய்ச் சேராது; மேட்டில் வண்டி திணறும். இன்டர்கூலர் குழாய் கிழிந்தாலோ காற்று வெளியே சீறிப் போய்விடும். டீசலுக்குத் தகுந்த காற்றில்லாமல் கரும்புகை தள்ளும். டர்போவே கெட்டாலும் இதே லட்சணங்கள்தான். பில்லில்தான் வித்தியாசம்.

கையால் அமுக்கும் சின்ன வேக்குவம் பம்பை ஆக்சுவேட்டரில் மாட்டினால் விஷயம் தெரிந்துவிடும். முள் இறங்கினால் உள்ளே டயாப்ரம் கிழிந்திருக்கிறது. முள் நின்று, கம்பியும் நகர்ந்தால் ஆக்சுவேட்டர் நலம். குழாயையும் வால்வையும் தேட வேண்டும்.

பிறகு ஏன் தேடுவதில்லை? மெக்கானிக்கைத் திட்டுவது சுலபம். தேடிய நேரத்துக்கு நாம் கூலி கொடுப்பதில்லையே! ஒரு மணி நேரம் குனிந்து வெடிப்பைக் கண்டுபிடித்தவரிடம் "ஒரு பைப்புக்கா இவ்வளவு?" என்று பேரம் பேசுவோம். புது டர்போ என்றால் மட்டும் வாய் திறக்காமல் செக் எழுதுவோம். சாமான் விற்றால்தான் அவருக்குப் பிழைப்பு என்று ஆக்கிவைத்தவர்கள் நாம். சோதனைக்கென்று தனிக் கூலி பேசிக் கொடுங்கள் என்பதே என் கட்சி.

மாற்றும்போது வேக்குவம் குழாய்கள் அத்தனையையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுவது மேல். எல்லாம் ஒரே வயதுதானே. ஜே.சி. ரோட்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று மெல்லிய குழாயைச் செருக வேண்டாம், இழுப்பில் சப்பிப்போகும். பளபளக்கும் சாதாரண சிலிக்கான் குழாய் எண்ணெய் படும் இடத்துக்கு ஆகாது, உப்பிவிடும். உடைந்த பிளாஸ்டிக் இணைப்புகளைப் பசை தடவி ஒப்பேற்றுவதும் வேண்டாம்.

இன்னொன்று. டீசல் காரில் பிரேக் பூஸ்டருக்கு இழுப்புத் தருவதும் அதே வேக்குவம் பம்புதான். பிரேக் மிதி வழக்கத்தைவிட இறுகியிருந்தால், டர்போ பேச்சை ஒத்திவைத்துவிட்டு பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாயை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை நந்தி மலைப் பக்கம் வண்டியைத் திருப்ப வேண்டாம்.