நிவாரணம் வேறு, உரிமை வேறு!

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். அரசு தலா 10 லட்சம் அறிவித்தது. உடனே ஊரெல்லாம் ஒரே கேள்வி: "குடிச்சு செத்தவனுக்கு எதுக்குக் காசு?"

கேள்வியே தப்பு. செத்தவர் குடித்தார் என்பதால் விஷத்தை விற்றவன் செய்த குற்றம் குறைந்துவிடுமா? குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு என்று 2009லேயே 357ஏ பிரிவு வந்தது. புதிய சட்டத்தில் அது 396. ஆட்சியில் இருப்பவர் போடும் இனாம் அல்ல அது.

சரி, பணம் மட்டும் போதுமா? சிபிஐ விசாரணை கேட்டு ஐகோர்ட்டுக்குப் போனவர்களில் கட்சிக்காரர்கள் நிறைய. நவம்பரில் உத்தரவும் வந்தது. புருஷனைப் பறிகொடுத்தவளிடம் வழக்கு எங்கே நிற்கிறது என்று சொல்வது யார் வேலை?

போலீஸ் வேலை! 2024 ஜூலை 1ல் அமலான சட்டம், விசாரணை நிலவரத்தை 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. சாவு அதற்கு முன்பே விழுந்துவிட்டது என்று சாக்கு சொல்லக்கூடாது. மின்னணு முறையிலும் தெரிவிக்கலாமாம். கல்வராயன் மலையில் டவர் எடுக்காத ஊரில் ஒரு குற்றம் நடந்தால்?

தமிழில் ஒரு காகிதம், வீட்டு வாசலில். அதைக்கூடக் கேட்டு வாங்க வேண்டுமென்றால் சட்டம் எதற்கு?