விம்பிள்டன் கழகம் ஏறிய படி

விம்பிள்டன் என்றதும் நம்மவருட் பலருக்கு இரண்டு நினைவுகள் எழும். ஒன்று, ஆண்டுதோறும் அங்கு நடைபெறும் டென்னிஸ் பந்தயம். மற்றது, எஃப்ரா வீதியிலே எழுந்தருளியிருக்கும் கணபதி. அக்கோயிலிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே பிளவ் லேன் என்றொரு வீதியும், ஒன்பதினாயிரம் பேருக்கு மேல் கூடக்கூடிய உதைபந்தாட்ட அரங்கொன்றும் உண்டென்பதைப் பலர் அறியார். அவ்வரங்கிலே ஆடும் ஏ. எஃப். சி. விம்பிள்டன் கழகம் 2024-25 பருவகாலத்தில் பெற்ற பேற்றைச் சீர்தூக்கிப் பார்ப்பதே இங்கு நம் நோக்கம். அக்கழகத்தின் வெற்றியைக் கண்டு மகிழ்ந்தோருள் நாமும் அடங்குவோம். ஆயினும், ஆதரவாளன் வேறு, துதிபாடுவோன் வேறு. குணத்தையும் குற்றத்தையும் ஒரே தராசிலிட்டு நிறுத்துச் சொல்வதே உண்மையான ஆதரவு.

முதலிலே கணக்கைப் பார்ப்போம். ஆங்கில உதைபந்தாட்டத்தின் நான்காம் படியாகிய ‘லீக் டூ’ பிரிவில் 24 கழகங்கள்; ஒவ்வொன்றுக்கும் 46 ஆட்டங்கள். விம்பிள்டன் இருபதில் வென்றது, பதின்மூன்றைச் சமன் செய்தது, பதின்மூன்றில் தோற்றது. 73 புள்ளிகளுடன் ஐந்தாம் இடம். முதல் மூன்று இடங்களைப் பெற்ற டொன்காஸ்டர், போர்ட் வேல், பிராட்போர்ட் ஆகியவை நேராகவே மேற்பிரிவுக்குச் சென்றன. எஞ்சிய ஓரிடத்துக்காக நான்காம் இடம் முதல் ஏழாம் இடம் வரை வந்த நான்கு கழகங்கள் மீண்டும் மோதின. அரையிறுதியின் இரண்டு ஆட்டங்களிலும் நொட்ஸ் கவுண்டியை ஒவ்வொரு கோலால் வென்றது விம்பிள்டன். 2025 மே 26 ஆம் நாள் வெம்பிளி அரங்கில் வோல்சோல் கழகத்துடன் நடந்த இறுதி ஆட்டத்திலும் அதே கணக்கு. முற்பாதி முடியுந் தறுவாயில் மைல்ஸ் ஹிப்பொலைட் அடித்த கோலே மூன்றாம் பிரிவின் கதவைத் திறந்துவிட்டது.

இவ்வெற்றியின் அடித்தளம் யாது? சந்தேகமின்றி, அதன் பின்வரிசையே. 46 ஆட்டங்களில் எதிரணிகளுக்கு அது விட்டுக்கொடுத்தவை 35 கோல்கள் மட்டுமே. மேற்சொன்ன மூன்று ஆட்டங்களிலோ ஒன்றுகூட இல்லை. பயிற்றுநர் ஜொனி ஜாக்சன் கழகத்தைப் பொறுப்பேற்றது 2022 மே மாதத்தில். அப்போதுதான் அது தொடர்ந்து 27 லீக் ஆட்டங்களில் வெற்றியே காணாது மூன்றாம் பிரிவிலிருந்து வீழ்ந்திருந்தது. அவரது முதலாம் ஆண்டில் கிடைத்தது 21 ஆம் இடம். இன்னுஞ் சற்றுச் சறுக்கியிருந்தால் லீக்கையே விட்டு வெளியேறியிருக்கும். அடுத்த ஆண்டு பத்தாம் இடம். அதற்கடுத்த ஆண்டு ஐந்தாம் இடமும் உயர்வும். பத்து ஆட்டந் தோற்றாற் பயிற்றுநரைத் துரத்திவிட்டு இன்னொருவரைத் தேடுவதே வழக்கமாகிவிட்ட ஒரு தொழிலில், முதலாண்டின் அவலத்தைப் பொறுத்துக்கொண்ட கழக நிருவாகத்துக்கு இந்த வெற்றியில் உரிய பங்குண்டு.

சோதனையும் வாராமலில்லை. 2024 செப்டெம்பரிற் பெய்த பெருமழையில் அருகிலோடும் வாண்டில் ஆறு பெருக்கெடுத்து, ஆடுகளத்தின் ஒரு பகுதி உள்வாங்கிற்று. நியூகாசில் போன்ற முதற்பிரிவுக் கழகத்தைத் தன் சொந்த மண்ணில் எதிர்கொள்ளும் வாய்ப்பு ஒரு சிறு கழகத்துக்கு அடிக்கடி கிட்டுவதில்லை. அந்த லீக் கிண்ண ஆட்டத்தை நியூகாசிலுக்கே சென்று ஆட நேர்ந்தது. ஆடி ஒரே கோலாற் றோற்றது. இந்த இடர்களுக்கிடையிலும் குலையாது நின்றதைப் பாராட்டுகிறோம்.

இனிக் குறைகளுக்கு வருவோம். 46 ஆட்டங்களில் விம்பிள்டன் அடித்த கோல்கள் 56. ஆட்டத்துக்கு ஒன்று, சில வேளைகளில் ஒன்றுக்கு மேல், அவ்வளவே. முன்வரிசையில் மத்தியூ ஸ்டீவன்ஸ் ஒருவரே பெருஞ் சுமையைத் தாங்கினார். ஒற்றைக் கோலைப் பெற்று அதனைக் கட்டிக் காக்கும் ஆட்டம் நான்காம் பிரிவுக்குப் போதியதாயிருந்தது. மேற்பிரிவிலுள்ள முன்வரிசைகளின் முன்னே அது எந்நாளும் போதுமானதாகுமா?

மற்றொன்று. கோல்காப்பாளர் ஓவன் குட்மன் அருமையாக ஆடினார். ஆனால் அவர் கிறிஸ்டல் பலஸ் கழகத்திடமிருந்து ஒரு பருவத்துக்கு இரவலாகப் பெறப்பட்டவர். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியலாகாது என்பது நம் முன்னோர் வாக்கு. அரணே பலமாகக் கொண்ட ஓர் அணியின் அரண்வாயிற் காவலன் பிறர் வீட்டுப் பிள்ளை என்றால், அது மறந்துவிடத்தக்க குறையன்று.

மூன்றாவது, நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டியது. பத்து மாத உழைப்பின் தீர்ப்பு விம்பிள்டனை ஐந்தாம் இடத்திலேயே வைத்தது. முதலாவதாக வந்த டொன்காஸ்டருக்கு அது 11 புள்ளிகள் பின்னே. இறுதியில் வென்ற வோல்சோலுக்குக்கூட 4 புள்ளிகள் பின்னே. விதி எல்லோரும் அறிந்த விதி. ஆகையால் அநீதி எதுவுமில்லை. எனினும், மூன்று ஆட்டங்களின் பேற்றை 46 ஆட்டங்களின் தகுதியென மயங்குவோர் மறு ஆண்டிலே விழித்துக்கொள்வர்.

நான்காம் பிரிவில் ஐந்தாவதாக வந்த ஒரு கழகத்துக்கு இத்துணை இடம் ஏன் என்று வாசகர் வினவலாம். வினா நியாயமானதே. விடையைப் பெற அக்கழகத்தின் கதையைச் சிறிது அறிதல் வேண்டும்.

1889 இல் தோன்றிய பழைய விம்பிள்டன் கழகம், 1988 இல் லிவர்பூலை வீழ்த்தி எஃப். ஏ. கிண்ணத்தை வென்று உலகை வியக்கவைத்தது. மூன்றே ஆண்டுகளில், 1991 இல், தன் பிளவ் லேன் அரங்கைவிட்டு வெளியேறி அயற்கழகத்தின் திண்ணையில் ஒதுங்கியது. பின்னர் உரிமையாளர்கள் மாறினர். பழைய மைதானம் விற்கப்பட்டது. இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. ஈற்றில், கழகத்தையே ஏறத்தாழ 90 கிலோமீற்றர் அப்பாலுள்ள மில்டன் கீன்ஸ் நகருக்குக் கொண்டுசெல்ல உரிமையாளர் அனுமதி கேட்டனர். மூவர் கொண்ட ஆணைக்குழு 2002 மே 28 ஆம் நாள், இருவர் ஆம் என்றும் ஒருவர் இல்லையென்றும் கூற, அனுமதி வழங்கிற்று. விம்பிள்டனிலேயே புதிய கழகமொன்றை எழுப்புவது உதைபந்தாட்டத்தின் பரந்த நலனுக்கு உகந்ததாகாது என்றும் தன் அறிக்கையிற் கூறி வைத்தது.

மக்கள் அந்த அறிக்கைக்குக் காத்திருக்கவில்லை. அதே ஆண்டு ஜூன் மாத இறுதியில் விம்பிள்டன் பொதுவெளிப் புற்றரையிலே ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்தனர். ஒன்பதாம் படியிலிருந்து தொடங்கினர். ஒன்பது பருவங்களில் ஐந்து படிகள் ஏறினர். இடையே 78 லீக் ஆட்டங்கள் தோல்வியின்றி ஆடினர். 2011 இல் லூட்டன் கழகத்தைத் தண்ட உதைகளில் வென்று லீக்கினுள் நுழைந்தனர். 2020 நவம்பரில் பழைய மைதானத்துக்கு அணித்தாகவே எழுப்பிய புதிய அரங்கிற் கால்வைத்தனர். அவ்வரங்குக்குப் பணம் போதாதபோது, வெளிச் செல்வரிடம் கழகத்தின் பிடியை ஒப்படைக்காது, கடன் பத்திரங்கள் மூலம் 50 இலட்சம் பவுணுக்கு மேல் திரட்டினர். ஆதரவாளர் சங்கமாகிய டொன்ஸ் டிரஸ்ட் பெரும்பான்மை உரிமையைத் தன் கையிலேயே வைத்திருந்தது. அதில் ஒருவர்க்கு ஒரு வாக்கு. அந்த நிலையிலேயே 2024-25 இன் வெற்றியும் கிட்டியது. மில்டன் கீன்ஸ் சென்ற கழகமோ அதே பிரிவில் ஆடிப் பட்டியலின் கீழ்ப்பாதியில் முடிந்தது. இதில் எக்களிப்புக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் குறித்து வைக்க வேண்டியதே.

ஆகவே இப்பருவகாலத்தின் பெறுமதி ஒரு படி உயர்ந்ததில் மட்டும் இல்லை. கழகத்தை விற்காமலும் உயரலாம் என்று காட்டியதே பெரிது.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. வேல்சு நாட்டு ரெக்சம் கழகமும் ஒருகாலத்தில் ஆதரவாளருடையதாகவே இருந்தது. 2020 இல் அவர்கள் நூற்றுக்கு 98 பேருக்கு மேல் வாக்களித்துக் கழகத்தை இரு நடிகரிடம் ஒப்புவித்தனர். 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளில் மூன்று பிரிவுகளைத் தாண்டி இரண்டாம் பிரிவை அது எட்டிற்று. விம்பிள்டன் மூன்று ஆண்டுகளில் ஏறியது ஒரே படி. அதுவும் முன்பு இழந்த படி. ‘மக்கள் சொத்து என்று பெருமை பேசிக் கீழேயே கிடப்பதா? செல்வர் கையிற் கொடுத்து மேலே போவதா?’ என்று கேட்பவர் இனிப் பெருகுவர். மேற்பிரிவின் செலவு கூடக்கூட அக்குரலும் உரக்கும்.

ரெக்சம் மக்கள் தாமே வாக்களித்துக் கொடுத்தனர். அவர்கள் முடிவு அவர்களுக்கு. கொடுத்தவர் நல்லவர் கையிற் கொடுத்தார் என்றே கொள்வோம். ஆனால் நல்லவர் விற்றால் வாங்குபவர் யார்? பரி என்னும் கழகத்தின் முடிவை எண்ணிப் பார்க்க வேண்டும். 1885 இல் தோன்றிய அக்கழகம் 2019 இளவேனிலில் நான்காம் பிரிவிலிருந்து மூன்றாம் பிரிவுக்கு உயர்ந்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், தனியுடைமையாளரின் கீழ் வளர்ந்த கடனால், ஓர் ஆட்டமும் ஆடாமலே லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. மே மாதத்தில் வெற்றி விழா. ஆவணியில் இழவு வீடு. படியேற்றம் மட்டும் ஒரு கழகத்தைக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் முடிவு இதுவே. பின்வரிசைக்கு முழு மதிப்பெண். முன்வரிசைக்குப் பாதி. பயிற்றுநரின் உறுதிக்கும் அவரைப் பொறுத்திருந்த உரிமையாளரின் நிதானத்துக்கும் நிறைந்த பாராட்டு. மேற்பிரிவில் ஒரு பருவத்திலோ இரு பருவத்திலோ சறுக்கி வீழ்ந்தாலும் அது பேரிழப்பன்று. வீழ்ந்த கழகம் மீண்டும் ஏறலாம் என்பதை விம்பிள்டனே காட்டியிருக்கிறது. விற்ற கழகத்தை மீட்க என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதும் அவ்வூரார் அறிந்ததே. ஒன்பதாம் படியிலிருந்து தொடங்கி, தம் பழைய வீதிக்குத் திரும்ப அவர்களுக்குப் பதினெட்டு ஆண்டுகள் சென்றன. அந்தக் கணக்கைப் புள்ளிப் பட்டியலுக்கு மேலே எழுதி வைத்துக்கொள்ளும்படி டொன்ஸ் டிரஸ்ட் உறுப்பினர் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறோம்.