‘விளையாட்டுத்தானே’ என்னும் ஆறுதல்

முழங்கால் சவ்வு கிழிந்து, இனிக் குதித்து ஆடக் கூடாது என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு வயது 17. அன்னூருக்கு அருகே எங்கள் ஊரில், மாலையானால் வாலிபால் ஆடுகளத்தில் வலை கட்டுவது என் வேலை. அன்று என்னைத் தேற்றுவதற்காக அம்மா சொன்னார்: “உடு கண்ணு, வெளையாட்டுத்தானே.” பொருட்படுத்த வேண்டாததை ‘விளையாட்டு’ என்று சொல்லிப் பழகிய மொழி நம்முடையது, அவர்மேல் குறையில்லை. ஆயினும், அதன் பிறகு பல மாதங்கள் நான் அவரிடம் ஆட்டத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

வேறு சிலர் மாரியப்பன் தங்கவேலுவின் கதையைச் சொல்லித் தேற்றுகிறார்கள். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த அவருக்கு, ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். பின்னர் டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிசில் வெண்கலம். சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். கட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கோ, பதக்கம் பெறாவிட்டால் தேறியதாகாது என்றல்லவா அது கேட்கிறது?

அவர் வரலாற்றில் எனக்குப் பிடித்த இடம் வேறு. பள்ளி நாள்களில் மாரியப்பன் விரும்பி ஆடியது வாலிபால். உடற்கல்வி ஆசிரியர்தாம் உயரம் தாண்டிப் பார்க்கச் சொன்னார். வலைக்கு மேலே எழும்பும் ஆசையை அந்த ஆசிரியர் கண்டுகொண்டிருப்பார் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

என் ஆசை எது என்பது எனக்கே உடனே விளங்கவில்லை. வீட்டார் பந்தைப் பரணில் ஒளித்து வைத்தார்கள். ஆறு மாதம் ஆடுகளத்துப் பக்கம் தலைகாட்டவில்லை. பிறகு மூத்த ஆட்டக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்று, “புள்ளி எழுத ஆளில்லை, வா” என்றார். தேற்றவுமில்லை, கதை சொல்லவுமில்லை. வலையருகே அமர்ந்து பார்க்கையில்தான் தெரிந்தது: நான் செட்டர், யாருக்கு எப்போது பந்தைத் தூக்கிக் கொடுத்தால் ஆட்டம் நடக்கும் என்று பார்ப்பதுதான் எனக்கு இன்பமாக இருந்திருக்கிறது. இன்று ஒரு நூற்பாலையில் ஷிப்ட் பிரிக்கிறேன். எந்த இயந்திரத்தில் யாரை நிறுத்துவது என்று யோசிக்கும்போதெல்லாம் அந்தப் பழைய செட்டர் எனக்குள் விழித்துக்கொள்கிறான். ஆடுகளத்து மண்ணுக்கு இது ஈடாகாது. பந்து அடிபடும் ஓசை கேட்டால் இன்றும் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வேன்.

பிள்ளையைப் பேணும் உங்களிடம் நான் வேண்டுவது இதுதான். மட்டையையும் காலணியையும் மறைக்காதீர்கள், அழுதால் அழட்டும். “ஆடக் கூடாது” என்று மருத்துவர் சொன்னால், எந்த அசைவு, எத்தனை நாளைக்கு என்று தெளிவாகக் கேளுங்கள். ஓட்டம் கூடாதவருக்கு நீச்சல் கூடும் என்று இயன்முறை மருத்துவர் சொல்லக்கூடும். வாரக்கணக்கில் உறக்கமும் உணவும் குறைந்து, பிள்ளை யாரிடமும் பேசாமல் ஒதுங்கியிருந்தால், அடுத்த முறை வரும்போது காலைப் பற்றிச் சொல்வதற்கு முன்பே அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.