ஊசி புதுசு... மைக்கிண்ணம்? காது குத்தும் முன், டாட்டூ போடும் முன் கவனிங்க!

புதுக்கோட்டை மாவட்டம் அரிமளம் பக்கம் காதணி விழா என்றால் குலதெய்வக் கோயிலில் மொட்டை, தாய்மாமன் சீர், மாமன் மடியில் குழந்தை, ஆசாரி கையில் கம்பி எனச் சொந்தபந்தம் மொத்தமும் கூடிவிடும். அதே மாமன் அடுத்த மாதமே டவுனுக்குப் போய், மருமகள் பெயரைக் கையில் டாட்டூ போட்டுக்கொண்டு வந்து நிற்பார்.

‘‘காலங்காலமா காது குத்துறோம், பச்சை குத்துறோம். என்ன ஆயிடுச்சு?’’ என்று பெரியவர்கள் கேட்பது நியாயம்தான். குத்துவது மட்டுமே பிரச்னை இல்லை. ஒருவர் ரத்தம் பட்ட பொருள், சுத்தம் செய்யப்படாமல் அடுத்தவர் மேல் படுவதுதான் பெரிய ஆபத்து.

காமாலைக்குத்தான் அதிகம் பயப்படணும்!

ஊசி என்றதும் எல்லோருக்கும் ஹெச்.ஐ.வி பயம்தான் வரும். ஆனால், தொற்றுள்ள ஒருவருக்குக் குத்திய ஊசி இன்னொருவருக்குக் குத்திவிட்டால், ஹெச்.ஐ.வி பரவும் வாய்ப்பு சுமார் 0.3 சதவிகிதம். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி பரவும் வாய்ப்போ 6 முதல் 30 சதவிகிதம். கல்லீரலைத் தாக்கும் இந்தக் கிருமி, காய்ந்த ரத்தத் துளியில்கூட 7 நாள்கள் வரை உயிர்ப்போடு இருக்கும். அறிகுறி தெரிய ஒன்றரை மாதம் முதல் ஆறு மாதம் வரை ஆகலாம் என்பதால், எந்த ஊசியால் வந்தது என்பதே பலருக்குப் புரியாது.

ஊசி மட்டும் மாற்றினால் போதாது

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2000-ம் ஆண்டு, ஒரே கடையில் மேல்காது குத்திக்கொண்ட பலருக்குச் சீழ் பிடித்தது. காரணம், கிருமிநாசினி நிரப்பிய ஸ்பிரே பாட்டிலிலேயே கிருமி இருந்தது! 2011-ல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் டாட்டூ போட்டவர்களுக்குத் தோலில் தொற்று வந்தது. அங்கே சிக்கல், தண்ணீர் கலந்து தயாரித்த சாம்பல் நிற மையில் இருந்தது.

ஊசியைக் கிருமிநாசினியில் துடைப்பதோ, விளக்குத் தீயில் காட்டுவதோ போதாது. திரும்பப் பயன்படுத்தும் கருவிகளை, ஆட்டோகிளேவ் எனப்படும் நீராவி இயந்திரத்தில் 121 டிகிரி செல்சியஸில் குறைந்தது 15 நிமிடங்கள் வைக்க வேண்டும். ‘கன் ஷாட்’ துப்பாக்கிகளில் பெரும்பாலானவை பிளாஸ்டிக் என்பதால் அந்தச் சூட்டைத் தாங்காது. மேல்காது குருத்தெலும்புக்குக் கன் ஷாட் வேண்டவே வேண்டாம்.

2024 டிசம்பரில் திருச்சியில், மருத்துவப் பயிற்சி இல்லாமல் நாக்கைப் பிளந்துவிட்ட டாட்டூ கடைக்காரரும் உதவியாளரும் கைதானார்கள். கடைக்கு சீல் வைக்கப்பட்டது. டாட்டூ கடையில் கத்திக்கு வேலையே இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

உட்காரும் முன் பாருங்க...

* ஊசி பாக்கெட்டை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள்.

* உங்களுக்கென்று புதுக் கிண்ணத்தில் மை ஊற்ற வேண்டும். மிஞ்சியதைப் பாட்டிலில் திருப்பி ஊற்றக் கூடாது. குழாய்த் தண்ணீர் கலக்கக் கூடாது.

* கை கழுவிவிட்டுப் புதுக் கையுறை அணிய வேண்டும். இடையில் செல்போனைத் தொட்டால் கையுறையை மாற்றச் சொல்லுங்கள்.

* வேலை முடிந்ததும் ஊசி, குத்திக் கிழிக்க முடியாத டப்பாவுக்குள் போக வேண்டும்.

* கோயிலில் வரிசையாகப் பல குழந்தைகளுக்குக் குத்தினால், குழந்தைக்கு ஓர் ஊசி என்று வீட்டிலிருந்தே பேசி வைத்துவிடுங்கள்.

மாமன் தடுப்பூசி போட்டாரா?

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 2011-ல்தான் நாடு முழுவதும் குழந்தைகளுக்கான அரசுத் திட்டத்துக்கு வந்தது. அதனால் மடியில் இருக்கும் குழந்தை தடுப்பூசி போட்டிருக்கும். தாய்மாமன் போட்டிருக்க மாட்டார்! பெரியவர்களுக்கு இது ஆறு மாதங்களில் மூன்று தவணை. டாட்டூ ஆசை இருந்தால் முதலில் இதை முடித்துவிடுவது நல்லது.

குத்திய இடத்தில் சிவப்பு பரவினால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால் மஞ்சள் பத்து போட்டுக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். பழைய ஊசி என்று தெரியவந்தால் அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஹெச்.ஐ.வி தடுப்பு மருந்து தேவை என்றால், 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.

‘கேட்டால் ஆசாரி கோவிச்சுக்குவாரோ, கடைக்காரர் என்ன நினைப்பாரோ’ என்று தயங்காதீர்கள். சுத்தமாக வேலை செய்பவர், கேட்பதற்கு முன்பே பாக்கெட்டைக் காட்டிவிடுவார். காட்டாதவரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும்!