முற்றமும் குழாய்நீரும்

நெய்வேலி நகரியத்தின் குடியிருப்புகள் அவற்றில் வாழ்பவர்களுக்குச் சொந்தமானவை அல்ல. 1956ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனம் தன் பணியாளர்களுக்கென அமைத்த ஊர் அது. வட்டம் வட்டமாகப் பகுக்கப்பட்ட பரப்பு, அகன்ற சாலைகள், இருமருங்கும் நிழல்மரங்கள், தோட்டத்துடன் கூடிய வீடுகள் என அங்கு எல்லாம் திட்டமிட்டு அமைந்தவை. ஒருவர் எந்த வீட்டில் குடியிருப்பார் என்பதை அங்கே பிறப்பு முடிவு செய்யவில்லை. பதவிநிலையே முடிவு செய்தது. பணி ஓய்வு பெற்றவர் சாவியை ஒப்படைத்துவிட்டு வெளியேற வேண்டும்.

அப்போதுதான் பலருக்கும் பூர்விக வீடு நினைவுக்கு வருகிறது. சிதம்பரத்திலோ, விருத்தாசலத்திலோ, புதுச்சேரியிலோ பூட்டிக் கிடக்கும் பழைய வீடு அது. திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் இருக்கும். படுக்கையறையை ஒட்டிய குளியலறை இராது. இடிப்பதா, புதுப்பிப்பதா என்னும் கேள்வி எழும்போது தீர்ப்பு பெரும்பாலும் இடிக்கும் பக்கமே சாய்கிறது. அத்தீர்ப்பு பிழையானது, ஆயினும் இடிப்போர் கூறும் காரணங்களில் பாதி நேர்மையானவை.

பழைய வீட்டைப் போற்றுவோர் அதன் இருண்ட அடுக்களையைப் பற்றிப் பேசுவதில்லை. விறகுப்புகையில் கண் எரிய நின்றவர்கள் பெண்கள். கழிப்பிடம் கொல்லையின் கடைசியில் இருந்தது. அதைத் துப்புரவு செய்ய ஒரு மனிதர் பின்சந்தின் வழியாகவே வந்து செல்ல வேண்டியிருந்தது. வழிப்போக்கருக்கு இடந்தந்ததாகப் புகழப்படும் திண்ணையிலும் எல்லோரும் அமர முடிந்ததில்லை. மரபைக் காத்தல் என்பது இவற்றையும் சேர்த்துக் காப்பதன்று. அடுக்களைக்குச் சாளரமும், வீட்டினுள்ளே கழிப்பறையும் வந்தே ஆக வேண்டும்.

சுவரின் இயல்பு

இடிக்கக் கூடாது என்பதற்குப் பாசம் மட்டுமே காரணமன்று. பழஞ்சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டது. சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சியதைக் காற்றில் விட்டுவிடும். பழுதுபார்ப்பதாக எண்ணி அதன்மேல் சிமெண்ட் பூசினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றித் தங்கும். சில ஆண்டுகளில் பூச்சு உப்புப்பூத்துப் பெயர்ந்து விழும். ‘பழைய வீடு, இனித் தாங்காது’ என்ற முடிவு அப்போது எடுக்கப்படுகிறது. குற்றம் சுவருடையதன்று, மருந்துடையது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துச் சாந்து குழைக்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்று மிகச் சிலரே. அவர்களுக்குப் பணி கொடுப்பதும் புதுப்பித்தலின் ஒரு பகுதியாகும்.

கூரையும் அவ்வாறே. தேக்கு உத்திரம் முழுவதும் அரித்துப்போவது அரிது. சுவருக்குள் புதைந்து ஈரம்பட்ட முனையே முதலில் கெடும். அம்முனையை மட்டும் வெட்டி நீக்கிப் புதுமரத்தை இணைத்தல் இயலும். அதற்குத் தச்சர் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

முற்றம் வெறும் வெற்றிடமன்று. வெப்பக்காற்று மேலெழுந்து வெளியேறும் வழியும், வீட்டின் நடுவறைகளுக்குப் பகலொளி தரும் வழியும் அதுவே. குரங்குக்கும் திருடருக்கும் அஞ்சி அதற்கு இரும்புக் கம்பி வலை இடுவது தக்கதே. கண்ணாடியால் முழுதும் மூடிவிட்டால், கோடையில் வீடு அடுப்பாகும். பின்னர் எல்லா அறைகளுக்கும் குளிர்சாதனம் தேவைப்படும்.

ஒரு தெரு காட்டிய வழி

நெய்வேலியிலிருந்து சில மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கிறது புதுச்சேரி. அங்குள்ள தமிழர் பகுதியில் கால்வே சுப்பராயச் செட்டியார் தெரு எனவும் வழங்கப்படும் வைசியாள் வீதி, 2002ஆம் ஆண்டில் தொடங்கிய ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின்கீழ்ச் சீரமைக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் நிதியுதவி வழங்க, இன்டாக் அமைப்பு பணியை வழிநடத்தியது. தனித்தனி வீடாகப் பாராமல் தெருவை ஒரே முகமாகக் கண்டதே இம்முயற்சியின் சிறப்பு. மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரங்கள் வரிசையாக மீட்கப்பட்டன. 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு விருது இத்தெருவிற்குக் கிடைத்தது.

எனினும் தெருமுகப்பைக் காப்பது பாதிப்பணியே. புதுச்சேரியிலும் செட்டிநாட்டிலும் மீட்கப்பட்ட வீடுகள் பல இன்று தங்கும் விடுதிகள். விடுதியாகியேனும் வீடு பிழைக்கட்டும் என்பது ஒருவகையில் சரிதான். ஆனால் பிள்ளைகள் படிக்கவும் பாட்டி வழுக்கி விழாமல் நடக்கவும் இடந்தரும் வீடாகவே அது நீடிப்பதுதான் கடினமானதும் மேலானதுமான வழி.

அவ்வழி இயலாததன்று. குளியலறைகளைக் கொல்லைப்புறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்தால் நீர்க்குழாய்கள் பழஞ்சுவரைத் துளைக்க வேண்டியதில்லை. மின்கம்பிகளைச் சுவரைக் கொத்திப் புதைக்காமல் வெளிப்புறக் குழாயில் கொண்டு செல்லலாம். பார்வைக்குச் சற்று உறுத்தினாலும் சுவருக்கு அதுவே நல்லது. முதியோர் அறை தரைத்தளத்தில் இருக்கட்டும். உயர்ந்த நிலைப்படிக்கு முன்னே மரத்தாலான சிறு சரிவுப்பலகை போதும். மகிழுந்து நிறுத்துவதற்காகத் திண்ணையை உடைப்பதை மட்டும் ஏற்பதற்கில்லை. வண்டி தெருவோரத்தில் நிற்கும். உடைத்த திண்ணை மீளாது.

பழைய வீடுகளை அழிப்பதில் சிமெண்டைக் காட்டிலும் வலியது பாகப்பிரிவினை. உடன்பிறந்தோர் நால்வர் எனின், முற்றத்தின் நடுவே சுவர் எழும்பும்; காற்று நிற்கும்; பின்னர் நால்வருமே விற்பர். ஒருவர் வாழ, ஏனையோர் தம் பங்கின் மதிப்பைத் தவணையாகப் பெறும் உடன்பாட்டை எழுத்தில் செய்துகொள்ளும் குடும்பங்களே வீட்டை முழுமையாகத் தக்கவைக்கின்றன.

நகரியத்திலிருந்து திரும்புவோர் வந்த வாரத்திலேயே கொத்தனாரை அழைக்காமல், ஒரு வடகிழக்குப் பருவமழை முழுவதும் அவ்வீட்டில் வாழ்ந்து பார்ப்பது நன்று. எந்த ஓட்டின் இடுக்கில் நீர் சொட்டுகிறது, எந்த மூலையில் ஈரம் ஏறுகிறது, பிற்பகலில் காற்று எந்தக் கதவு வழியே நுழைகிறது என்பதையெல்லாம் தை மாதத்திற்குள் வீடே காட்டிவிடும். வரைபடத்தை அதன் பிறகு வரையலாம்.