முதல் பிக் ரெய்டரா, டிஃபெண்டரா? கபடி டிராஃப்ட்டில் பலரும் கோட்டை விடும் இடம்!

திருவண்ணாமலை பக்கம் பள்ளிக்கூட மைதானமானாலும் சரி, ஏரிக்கரை ஓரத் திடலானாலும் சரி, கபடி தொடங்கும் முன் நடக்கும் காட்சி ஒன்றுதான். இரண்டு கேப்டன்கள் எதிரெதிரே நிற்பார்கள். மாற்றி மாற்றி ஒவ்வொரு ஆளாகக் கூப்பிடுவார்கள். 'ஆள் பிரிக்கிறது' என்பார்கள் இதை. முதல் அழைப்பு எப்போதும் நன்றாகப் பாடிப் போகிறவருக்குத்தான். கடைசியில் மிச்சமாக நிற்கும் பையனிடம், "நீ போய் ஓரத்துல நில்லுடா" என்று சொல்லிவிடுவார்கள்.

அந்த ஓரத்துக்குத்தான் புரோ கபடியில் 'கார்னர்' என்று பெயர். அங்கே நிற்பவருக்கு இரண்டு கோடிக்கும் மேல் கொடுத்த அணிகள் இருக்கின்றன.

ஃபேன்டஸி டிராஃப்ட் என்பதும் ஆள் பிரிக்கிறதுதான். நண்பர்கள் உட்கார்ந்து, முறை வைத்து ஆளுக்கொரு வீரராக எடுக்கிறார்கள். நிஜ ஆட்டத்தில் அவர் எடுக்கும் புள்ளி, எடுத்தவரின் கணக்கில் சேரும். ஒருவர் எடுத்த வீரரை இன்னொருவர் எடுக்க முடியாது. அதனால்தான் முதல் வாய்ப்பில் யாரை எடுப்பது என்பது இவ்வளவு பெரிய பஞ்சாயத்தாகிறது.

காசு விஷயத்தை முதலிலேயே முடித்துவிடலாம். 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டத்துக்குப் பிறகு, பணம் கட்டி ஆடும் ஃபேன்டஸி போட்டிகள் நின்றுவிட்டன. ட்ரீம்11 கூட கட்டணப் போட்டிகளை நிறுத்திவிட்டது. சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது ஆகஸ்ட் 22; புரோ கபடியின் 12-வது சீசன் தொடங்கியது ஆகஸ்ட் 29. ஒரே வாரம்! ஆக, இப்போது மிச்சம் இருப்பது நோட்டுப் புத்தகமும் வாட்ஸ்அப் குரூப்பும்தான். தோற்றவர் டீ வாங்கித் தரட்டும். வீட்டில் பிள்ளைகள் கூடச் சேர்ந்து ஆடலாம். உண்மையைச் சொன்னால், ஆட்டத்தை ஆட்டமாகப் பார்க்க இதுவே வசதி.

கண்ணை மறைக்கும் எண்

11-வது சீசனில் பாட்னா பைரேட்ஸ் அணியின் தேவாங்க் எடுத்த ரெய்டு புள்ளிகள் 301. ஆட்டத்துக்குச் சராசரியாக 12. அதற்கு முந்தைய சீசனில் சிறந்த டிஃபெண்டர் விருது வாங்கிய ஈரான் வீரர் முகமதுரேஸா ஷாட்லூய், புனேரி பல்தான் அணிக்காக எடுத்த டேக்கிள் புள்ளிகள் 99. ஆட்டத்துக்குச் சுமார் 4.

பன்னிரண்டுக்கும் நாலுக்கும் என்ன போட்டி? பார்த்த உடனேயே எல்லோரும் ரெய்டர் பக்கம் ஓடுவது இதனால்தான்.

ஆனால், இந்த எண் இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விடுகிறது. முதலாவது, நீங்கள் வகுக்கும் விதி. ரெய்டு புள்ளிக்கும் டேக்கிள் புள்ளிக்கும் ஒரே மதிப்பு வைத்தால், டிஃபெண்டரை எடுப்பதே வீண். ஆட்டத்தின் பாதி அழகு அங்கேயே போய்விடும். ஃபேன்டஸி ஆப்கள் டேக்கிளுக்குக் கூடுதல் மதிப்பு வைத்தது சும்மா இல்லை. நோட்டுப் புத்தகத்தில் ஆடுபவர்கள் ஒரு டேக்கிளுக்கு 2 என்றாவது வைத்துக்கொள்வது நல்லது. விதியை முடிவு செய்யாமல் 'ரெய்டரா, டிஃபெண்டரா' என்று சண்டை போடுவதில் அர்த்தமே இல்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அவர்களுடைய ஃபுட்பாலில் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் முட்டி மோதி ஓடுபவர் 'ரன்னிங் பேக்'. தூரத்திலிருந்து எறியப்படும் பந்தைப் பிடிப்பவர் 'வைட் ரிசீவர்'. முதலில் யாரை எடுப்பது என்று அங்கே பல வருடங்களாக வாக்குவாதம் நடக்கிறது. ஒவ்வொரு பந்தைப் பிடித்ததற்கும் தனிப் புள்ளி என்று விதி வந்த இடங்களில், ரிசீவரின் மதிப்பு தானாக ஏறியது. ஆள் மாறவில்லை, விதி மாறியது, அவ்வளவுதான்.

அடிபட்டால் என்ன ஆகும்?

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். அதைப் புரிந்துகொள்ள 2022-க்குப் போக வேண்டும். தமிழ் தலைவாஸ் ரசிகர்களுக்கு மறக்க முடியாத வருடம்.

அந்த வருட ஏலத்தில் பவன் செராவத்தை 2.265 கோடி ரூபாய்க்கு எடுத்தது தலைவாஸ். அதுவரை புரோ கபடியில் யாருக்கும் கிடைக்காத விலை. ஒரு அணி மொத்தமாகச் செலவழிக்கக்கூடிய தொகையே 4.4 கோடிதான். பாதிக்கும் மேல் ஒரே ரெய்டருக்கு! சீசனின் முதல் ஆட்டம் குஜராத் ஜெயன்ட்ஸுடன். அந்த ஆட்டத்திலேயே பவனுக்கு முழங்காலில் அடி. அந்த சீசனில் அவர் திரும்ப வரவே இல்லை.

கதை அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நடந்தது வேறு. அந்த சீசனில்தான் அறிமுகமான நரேந்தர் 243 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். கேப்டன் பொறுப்பு கார்னர் டிஃபெண்டர் சாகருக்குப் போனது. 2017-ல் லீக்குக்குள் வந்ததிலிருந்து ஒருமுறைகூட பிளே-ஆஃப் பார்க்காத தலைவாஸ், அந்த வருடம் அரையிறுதி வரை போனது. அங்கே புனேயிடம் 37-39 என்று தோற்றது. இரண்டே புள்ளி. அது வலித்தது, ஆனாலும் கபடியைப் பற்றி அந்த சீசன் சொல்லிக்கொடுத்தது ஏராளம்.

எப்படிச் சாத்தியமானது? கபடியின் அடிப்படை விதியைப் பாருங்கள். 30 விநாடிக்கு ஒரு பாட்டு. உங்கள் முறை வந்தால் யாராவது ஒருவர் கோட்டைத் தாண்டிப் போயே ஆக வேண்டும். இரண்டு ரெய்டு வெறுமனே திரும்பினால் மூன்றாவது 'டூ ஆர் டை'. புள்ளி எடுக்காவிட்டால் வெளியே. ஆக, ரெய்டுக்கான வாய்ப்பு அணியின் சொத்து. முதல் ரெய்டர் படுத்துவிட்டால், அந்த வாய்ப்புகள் எல்லாம் இரண்டாம் ரெய்டர் மடியில் வந்து விழும். பவனின் ரெய்டுகள் நரேந்தருக்குப் போனது அப்படித்தான்.

டிஃபெண்டரின் டேக்கிள் அப்படிக் கைமாறாது. எதிரணி ரெய்டர் எந்தக் காலை எப்போது நீட்டுவான் என்று காத்திருந்து, சரியான நொடியில் கணுக்காலைப் பிடிப்பது ஒருவருடைய கண்ணிலும் கையிலும் இருக்கிற வித்தை. பக்கத்தில் நிற்கும் கவர் டிஃபெண்டருடன் பல மாதம் சேர்ந்து ஆடி வந்த ஒத்திசைவு அது. அந்த ஆள் வெளியே போனால், இன்னொருவரை அந்த இடத்தில் நிறுத்தலாம்; புள்ளி வராது. எதிரணி ரெய்டருக்குத்தான் கொண்டாட்டம்.

அமெரிக்காவில் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி என்ற ரன்னிங் பேக்குக்கும் இதே அனுபவம். 2020-ல் டிராஃப்ட்டுகளில் முதல் ஆளாகப் போனார். காயத்தால் ஆடியது 3 ஆட்டங்கள். 2024-லும் முதல் ஆள், ஆடியது 4. அவரை நம்பி உட்கார்ந்தவர்கள் தலையில் துண்டு. விவரமானவர்கள் அவருடைய மாற்று ஆளை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தார்கள்.

பணம் எங்கே, கோப்பை எங்கே?

2022-க்குப் பிறகும் அணிகள் உடனே பாடம் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. 10-வது சீசன் ஏலத்தில் அதே பவனை 2.605 கோடிக்குத் தெலுங்கு டைட்டன்ஸ் எடுத்தது. மொத்த பட்ஜெட் 5 கோடி. பவன் குறை வைக்கவில்லை. 200 ரெய்டு புள்ளிகளைத் தாண்டினார். அணி? 22 ஆட்டங்களில் 2 வெற்றி. கடைசி இடம்.

அதே ஏலத்தில் 2.35 கோடிக்கு ஷாட்லூயை எடுத்தது புனேரி பல்தான். கோப்பை அவர்களுக்கு. அடுத்த சீசனில் 2.07 கோடிக்கு அவரை எடுத்தது ஹரியானா ஸ்டீலர்ஸ். கோப்பை அவர்களுக்கு! அந்தப் பக்கம் 301 புள்ளி எடுத்த தேவாங்க் இருந்த பாட்னா, இறுதிப் போட்டியில் 23-32 என்று ஹரியானாவிடம் தோற்றது. அதே சீசனில் சச்சின் தன்வர் என்ற ரெய்டருக்கு 2.15 கோடி கொடுத்த நம் தலைவாஸ், பிளே-ஆஃப் பக்கமே போகவில்லை.

'அப்போ டிஃபெண்டர் எடுத்தால் கோப்பை' என்று எழுதி ஒட்டிவிட முடியுமா? முடியாது. 12-வது சீசனில் குஜராத் 2.23 கோடிக்கு ஷாட்லூயை வாங்கியது, கோப்பை வரவில்லை. ஜெயித்த தபாங் டெல்லியில் ரெய்டர் ஆஷு மாலிக்கும் இருந்தார், டிஃபென்ஸில் ஃபாசெல் அத்ராச்சலியும் இருந்தார். ஒரே ஆளை நம்பிப் பெட்டியைக் காலி செய்த அணிகள்தான் அதிகம் தடுமாறுகின்றன. அந்த ஒரே ஆள் பெரும்பாலும் ரெய்டராகவே இருப்பது தற்செயல் இல்லை.

விலை எப்படிச் சரிகிறது என்றும் பாருங்கள். பவனின் ஏல விலை 2.605 கோடி, அடுத்த வருடம் 1.725 கோடி, அதற்கடுத்த வருடம் 59.5 லட்சம். 1,801 ரெய்டு புள்ளிகளோடு புரோ கபடி வரலாற்றில் உச்சத்தில் இருக்கும் பர்தீப் நர்வாலை 2025 ஏலத்தில் யாரும் எடுக்கவில்லை. 28 வயதில் ஓய்வை அறிவித்தார். மறுபக்கம், தஞ்சாவூர் மாவட்டத்துக்காரரான தர்மராஜ் சேரலாதன் 2016-ல் பாட்னாவுக்குக் கேப்டனாகக் கோப்பை வாங்கியபோது வயது 41. அவர் டிஃபெண்டர்!

இது வெறும் விளையாட்டுக் கணக்கு இல்லை. பொங்கல் நேரத்தில் செங்கம், போளூர், கலசப்பாக்கம் பக்கம் போட்டிகளில் இறங்கும் பையன்களில் பாதிப் பேர் டி.வி-யில் பார்ப்பது அந்த இரண்டரைக் கோடியைத்தான். எல்லோரும் பாடிப் போகவே ஆசைப்படுகிறார்கள். பதினேழு வயதில் கணுக்கால் பிடியில் கெட்டிக்காரனாக இருக்கும் ஒருவனை, 'பாயின்ட் எடுக்கிறவனுக்குத்தான் மதிப்பு' என்று சொல்லி ரெய்டராக மாற்றப் பார்ப்பது பெரிய அநியாயம். முழங்கால் தாங்குகிற வருடங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சரி, யாரை எடுப்பது?

ஆறு நண்பர்கள், ஆளுக்கு 3 ரெய்டர், 4 டிஃபெண்டர், டேக்கிளுக்கு இரட்டை மதிப்பு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 18 ரெய்டர்கள், 24 டிஃபெண்டர்கள் தேவை. லீக்கில் 12 அணிகள்.

முதல் பிக் ரெய்டர்தான். இதில் வீம்பு வேண்டாம். ஆட்டத்துக்கு 12 எடுக்கும் ஆள் லீக்கிலேயே ஒன்றிரண்டு பேர்தான். அவர் கையை விட்டுப் போனால் அடுத்து கிடைப்பவர் 9, 8 என்று இறங்கிவிடுவார்.

இரண்டாவது பிக்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதல் கைக்கு ரெய்டர் எடுத்த பழக்கத்தில், இன்னொரு ரெய்டரையும் எடுத்துவிடுகிறார்கள். நடுத்தர ரெய்டர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே எடைதான். 7 எடுப்பவருக்கும் 6 எடுப்பவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நான்காவது, ஐந்தாவது சுற்றிலும் கிடைப்பார்கள். ஆனால், ஆட்டத்துக்கு 4 டேக்கிள் புள்ளி எடுக்கும் கார்னர் ஒரு கைவிரல்களுக்குள் அடங்குவார்கள். இரட்டை மதிப்பில் அது 8. சாதாரண டிஃபெண்டர் 2 எடுத்தால் 4. பாதிக்குப் பாதி! ஆகவே, இரண்டாவதும் மூன்றாவதும் கார்னர். லெஃப்டா ரைட்டா என்று பார்க்க வேண்டாம். இருவருமே ஒரே அணியில் கிடைத்தால் விடாதீர்கள். கவர் டிஃபெண்டர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஏலத்தில் 'ஆல்ரவுண்டர்' என்று பட்டியலில் இருப்பவர்களை மட்டும் உஷாராகப் பாருங்கள். ஷாட்லூய் அந்தப் பட்டியலில்தான் வருகிறார். ஆனால், அவருடைய சோறு டேக்கிள்தான். எந்த வரிசையில் வைப்பது என்பதை டிராஃப்ட் தொடங்கும் முன்பே குரூப்பில் பேசி முடித்துவிடுங்கள். நடுவில் பேசினால் நட்பு கெடும்.

இன்னொன்று, சீசன் நடுவில் ஒரு ஆளை மாற்றிக்கொள்ளும் வசதியை விதியிலேயே வையுங்கள். நரேந்தர் மாதிரி ஆள் சீசன் தொடக்கத்தில் எவர் பட்டியலிலும் இருக்கமாட்டார். கடைசிப் பிக்கை அதற்காகவே ஒதுக்கலாம்: முழங்காலில் பட்டையோடு வரும் பெரிய ரெய்டர் எந்த அணியில் இருக்கிறாரோ, அந்த அணியின் இரண்டாவது ரெய்டர்.